நடு ராத்திரியில கழுவின தொட்டி

ஏங்க சார், அந்தச் சொம்புத் தண்ணியவா குடிச்சீங்க? அய்ய, வெச்சிடுங்க, வெச்சிடுங்க. இந்தாங்க, என் பாட்டில்ல இருக்கறது காய்ச்சி ஆறவெச்சது. இதுல வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க.

நான் கலைமணி சார், இந்தப் பஞ்சாயத்து ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பதியற வேலை. தண்ணித் தொட்டி கழுவற காண்ட்ராக்டர் நவநீதன் உங்களுக்கு எளநி வாங்கியாரேன்னு கடத்தூர் ரோட்டுக்கு ஓடியிருக்கறாருல்ல, அவரு ஒரு நாளாவது இந்தக் கொழாத் தண்ணிய வாயில வெச்சிருக்கறாரான்னு கேளுங்க. அவருக்கு வண்டியிலயே கேன் தண்ணி. நாங்கதான் வேட்டித் துணியில வடிகட்டிக் குடிக்கறோம். நேத்து குடத்துல புறா எறகு வந்துச்சு சார். எறகோட தோலும் ஒட்டிக்கினு... வேணாம் விடுங்க, நீங்க டிபன் சாப்ட்டிருப்பீங்க.

தொட்டி கழுவின பில்லுல கையெழுத்தா? அதுக்குள்ளயா? போட்டோ எல்லாம் மாசாமாசம் சரியா இருக்குதுங்களா? தேதி சரியாத்தான் இருக்கும். தேதியப் போட்டதே அவருதானுங்களே. இந்தக் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இல்லைங்க, லினக்ஸு. டச்சுன்னு ஒரு கமாண்டு அடிச்சு, தேதிய அடிச்சு, போட்டோ பேரை அடிச்சா போதும், நேத்து எடுத்தது தை மாசத்துக்குப் போய் உக்காந்துக்கும். எனக்கெப்படித் தெரியுமா? பிளஸ் டூவுல கவர்மெண்டு லேப்டாப் குடுத்தாங்கல்லங்க, அதுல விண்டோஸ் புட்டுக்கிச்சு, லினக்ஸ் மட்டுந்தான் தெறந்துச்சு. அதையே நோண்டிக்கினு கெடந்தேன்.

நீங்க பாக்கற லிஸ்ட்டுல அவரு வெச்ச தேதிதான் காட்டும். முழு வெவரமும் வேணும்னா ஸ்டாட்டுன்னு அடிங்க, பக்கத்துல தை மாசப் போட்டோ பேரு. ஆங். மாடிஃபைன்னு இருக்குதா, மணி என்ன போட்டிருக்குது? வரிசையா சைபரா? சித்திரைக்கும் போட்டுப் பாருங்க. அதுவும் சைபர்தான்! தேதிய அடிச்ச மனுசன் மணிய அடிக்க மறந்துட்டாரு சார். அது தானா நடு ராத்திரி பன்னெண்டுன்னு எடுத்துக்கிச்சு. நடு ராத்திரியில தொட்டி கழுவறவன் மொகத்துல எப்பிடி வெயிலடிக்குது பாருங்க. சிரிக்கறீங்களா? சிரிங்க, நானும் சிரிச்சேன்.

கீழ சேஞ்சுன்னு ஒரு வரி இருக்குதுல்ல, ஃபைல்ல கடைசியா எப்பக் கைய வெச்சாங்கன்னு காட்டறது? டச்ச வெச்சு அதை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. எல்லாப் போட்டோவுலயும் போன செவ்வாக்கெழமைன்னு நிக்குது. என்னங்க? காப்பி பண்ணியிருந்தாலும் அப்பிடித்தான் காட்டுமா? ஆமாங்க, காட்டும், நான் இல்லைன்னு சொல்லல. சரி, அதை விடுங்க. போட்டோவப் பெருசு பண்ணுங்க. தொட்டிக்குக் கீழ ஒரு வூடு தெரியுதா, கொடியில பச்சைக் கவுனு காயுதா? எங்க வூடுதான். தை மாசத்துலயும் காயுது, சித்திரையிலயும் காயுது. ஆளுங்க சட்டைய மாத்தி மாத்திக்கினு நிக்கறாங்க, கவுனு மட்டும் அதே கிளிப்புல அப்பிடியே காயுது. அது ஆடிப் பதினெட்டுக்கு எம் பாப்பாவுக்கு எடுத்த கவுனு சார். தை மாசத்துல அது கடைக்கே வந்திருக்காது.

போன செவ்வாக்கெழமை ரெண்டு பேரைக் கூட்டியாந்து தொட்டி மேல ஏத்தினாரு. நான் தொவைச்சுக்கினே அண்ணாந்து பாத்தேன், அப்பாடா, இப்பவாச்சும் கழுவறாங்களேன்னு. ஒரு சொட்டுத் தண்ணி கீழ எறங்கலைங்க. பிளீச்சிங் பவுடர் மூட்டையக்கூடப் பிரிக்கல. மூட்டைக்கும் ஒரு போட்டோ, அப்பறம் அதையும் வண்டியில தூக்கிப் போட்டுக்கினு போயிட்டாங்க. த்தூ! புழு நெளியற தண்ணி சார் அது. மூணு தெருவும் அதத்தான் குடிக்குது.

அது அவரு வண்டிச் சத்தந்தான். எளநியோட வந்துட்டாரு. எனக்கும் நேரமாச்சுங்க, அடுத்த பஸ்ஸுக்குத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போவணும். பாப்பாவை அங்கதான் சேத்திருக்கறோம், மஞ்சக் காமாலை. கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழமாட்டம் கெடக்குது. அந்தப் பச்சைக் கவுனத்தான் போட்டுக்கினு படுத்திருக்கறா, கழட்டவே மாட்டேங்கறா.

எளநிய அப்பறம் குடிச்சுக்கலாம் சார். பேனாவ மூடி பாக்கெட்டுல வெச்சுக்கினு, எங்கூட ஏணியில ஏறி, ஒரே ஒரு தடவ தொட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு வாங்க.