ரம்ப மிசினுக்கு ஒரு வேண்டுதல்

மலாய்க்காரர்கள் மெர்டேக்கா என்று சொல்லும் சுதந்திரம் கிடைத்த வருடம். காஜா பெராங்கில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்றவள், பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னாள்:

“அந்த ரம்ப மிசின் கெட்டுப்போகணும்னு முனியாண்டி சாமிக்கு வேண்டிக்கிட்டேன்க்கா.”

“ஏன்டி, அதை ஓட்டுறது உன் வீட்டுக்காரருதானே?”

“அவருதான். முன்னே சூளை விறகுக்குக் கைரம்பத்துல அறுப்பாங்க. ஒரு மரம் சாயறதுக்குள்ள புள்ளைக்குப் பால் கொடுத்துடுவேன். இப்போ மரம் மடமடன்னு விழுது. அத்தனையும் நான்தான் தூக்கி அடுக்கணும். மிசின் நிக்கிறதே பெட்ரோல் ஊத்த மட்டும்தான்.”

“அதுக்குள்ள புள்ளை குடிச்சிடுமா?”

“குடிச்சிடும். கங்காணி எவ்வளவு கத்தினாலும் அவரு சொட்டுச் சொட்டாத்தான் ஊத்துறாரு.”