கழித்த எழுபது மில்லிமீட்டர்

நாவலப்பிட்டி ஸ்டேஷன் மேல் ஒரு போத்தல் பசையைக் கொட்டியது நான்தான். ஓடுகிற ரயிலைத் திரும்பிப் பார்த்தேன், முழங்கை பட்டுவிட்டது. இரண்டு பெட்டிகளும் ஸ்டேஷன் மாஸ்டரும் மேடையோடு ஒட்டிக்கொண்டார்கள். துடைக்கப் போன என் இடுப்புச் சாரமும் ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோலால் சாரத்தின் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் அந்த ஸ்டேஷனிலிருந்து நான் புறப்பட முடிந்தது.

தனுஜா மிஸ், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். போர்ட் எழுதிப் பிழைப்பவன் நான், எழுத்தாவது அழகாக இருக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பசையில் தொடங்கியிருக்கிறேன். பசை கொட்டியது செவ்வாய்க்கிழமை. மலை இறங்கியது வியாழக்கிழமை.

எங்கள் ஹேவாஹெட்டப் பக்கம் ரயில் கிடையாது. அதனால்தானோ என்னவோ, எனக்கு அந்தப் பைத்தியம். தோட்டத்துச் சனசமூக நிலையத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. உள்ளே நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு இரண்டரை வருஷமாக ஒரு மலைநாட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரயில் மட்டும்தான் கண்டியில் பழசாக வாங்கியது. மற்றதெல்லாம் என் கைவேலை. பழைய பத்திரிகையும் கஞ்சியும் சேர்ந்தால் மலை. குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்தால் மண். ஸ்பொஞ்சைத் துண்டுதுண்டாக வெட்டிப் பச்சைச் சாயத்தில் போட்டால் தேயிலைச் செடி. எங்கள் லயத்து வீட்டு வரிசையையும் செய்து, மனிதர்களையும் அரை விரல் உயரத்தில் நிறுத்தியிருந்தேன். பாலம்மா அக்கா தன்னைப் பார்க்க வந்து, கூடையோடு நின்ற பொம்மையை உற்றுப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இம்புட்டு ஒல்லியாவா நான் இருக்கேன்? சோறு போட்டுச் செஞ்சிருக்கலாம்ல" என்றார்.

மழைமானி இருப்பது இந்தச் சனசமூக நிலையத்தின் முற்றத்தில். அதை வைக்க உங்கள் மண்சரிவு அலுவலகத்து ஆட்கள் வந்த அன்று, நாள் முழுக்க இங்கேயே இருப்பவர் யார் என்று கேட்டார்கள். கூட்டம் முழுவதும் என்னைத்தான் பார்த்தது. ஐம்பத்திரண்டு வயதில் ரயில் விளையாடுகிறவன் வேறெங்கே போகப் போகிறான்? மழை பெய்தால் மணிக்கொரு தடவை அளந்து உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் லயத்துக்குப் போன் பண்ண வேண்டும். எல்லோரும் வீட்டை விட்டு நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான், குழப்பம் எதுவும் இல்லை.

ஜூலையில் நூற்றைம்பத்தொன்று வந்தது. போன் பண்ணினேன். தொண்ணூறு பேர் வந்தார்கள், மலைதான் வரவில்லை. இரண்டு நாள் இருந்தார்கள். ஈர உடுப்பெல்லாம் என் மேசையில் கம்பளையிலிருந்து நாவலப்பிட்டி வரைக்கும் காய்ந்தது. மூக்காயி அக்கா சோற்றுப் பானையை ஸ்டேஷன் கூரையில் இறக்கிவைத்தார். சுரங்கத்தை யாரோ தலையணையாக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, இடம் போதாது. நானும் சிரித்துக்கொண்டுதான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திருத்தி முடிக்க நான்கு மாதம் பிடித்தது.

நவம்பரில் கண்டியில் ஒரு கண்காட்சி. என் மலைநாட்டை ஏற்றிப்போகச் சனிக்கிழமை காலை லொறி வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பசை கொட்டியதால் ஸ்டேஷனையும் அதற்கு மேலே உள்ள மலைச்சரிவையும் பெயர்த்துப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. புதன்கிழமை மழை பிடித்தது. மழைக்காற்றில் பசை காயாது. மேசைக்கடியில் கரியடுப்பு வைத்து, விசிறியும் போட்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மணிக்கொரு தடவை குடையோடு முற்றத்துக்கு ஓடினேன். திரும்பி வந்து சரிவை விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஈரம்தான்.

வியாழன் காலை பத்து மணிக்கு எண்பத்தைந்து; அடுத்த ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்ததில் பதினொரு மணிக்கு அளவைக் குழாயில் நூற்று அறுபத்திரண்டு இருந்தது. இரண்டு தடவை அளந்தேன். வேலையில் நான் ஒழுங்கானவன்.

அப்போது நிதானமாக ஒரு விஷயத்தை யோசித்தேன். மழைமானிக்கு மேலே கொய்யா மரத்தின் கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது, இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் உள்ளே விழுந்திருக்கும், அதைக் கழிக்க வேண்டும். எழுபது கழித்தேன். தொண்ணூற்றிரண்டு. பலகையில் எழுதினேன். உங்கள் அலுவலகத்துக்கும் அதையே சொன்னேன். போனை எடுத்தவர் நன்றி சொன்னார்.

முற்றத்தைப் பார்க்க நீங்கள் வந்தபோது ஒன்றைக் கவனித்தீர்களோ தெரியாது. அங்கே கொய்யா மரம் இல்லை, அடிக்கட்டைதான் இருக்கிறது. ஆகஸ்டில் நானே வெட்டினேன். அதன் சுள்ளிகள் மரம் செய்ய அவ்வளவு பொருத்தம். என் மலையில் நாற்பத்துமூன்று மரங்கள் அதிலிருந்து வந்தவை.

பதினொன்றேகாலுக்குப் பாலம்மா அக்கா போன் பண்ணினார்.

"தம்பி, வீட்டுக்குப் பின்னால தண்ணி ஓடுற கான்ல செம்மண்ணா வருது. எம்புட்டு இருக்கு?"

"தொண்ணூத்திரண்டு அக்கா."

"அப்ப இருக்கலாங்கிற?"

"இருங்க. நூத்தம்பது வந்தா நான் கூப்புட மாட்டேனா?"

மனது கேட்காமல் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் மறுபடி அளந்தேன். இரண்டு தடவையும் கொய்யா மரத்துக்குக் கழித்தேன். ஒரு தடவை பொய் சொன்னவனைப் போல இல்லாமல், ஒரே கணக்கைப் பின்பற்றுகிறவனாக இருக்க விரும்பினேன். இரண்டு மணிக்குச் சரிவு காயத் தொடங்கியது. அதில் தேயிலைச் செடி நட்டேன்.

மூன்றரைக்குச் சத்தம் கேட்டது. லொறியில் சல்லிக்கல் கொட்டுவதுபோல, ஆனால் கொட்டி முடியாமல் நீண்டுகொண்டே போனது. நான் முதலில் என் மலையைத்தான் பார்த்தேன். ஒரு செடிகூட அசையவில்லை. பொலித்தீன் விரிப்பை எடுத்து நாலு பக்கமும் இழுத்து மூடினேன். அப்புறம்தான் கதவைத் திறந்தேன்.

மண்ணுக்குள் போனது ஏழு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். பாலம்மா அக்கா பாண் வாங்கக் கீழ்க் கடைக்கு இறங்கியிருந்தார். அவருடைய மகன் யோகராஜ், மருமகள் தர்ஷிகா, ஐந்து வயதுப் பேத்தி மூவரும் வீட்டில் இருந்தார்கள். ஏழு பேரையும் கொண்டுவந்து கிடத்த மேசை தேவைப்பட்டது. நானே மலையைப் பெயர்த்து வெளியே மழையில் வைத்தேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்ததுபோலக்கூட அந்த நேரம் எனக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வெயில் அடிக்கிறது, ஆனாலும் மணிக்கொரு தடவை எழுந்து போய்க் குழாயைப் பார்க்கிறேன். பூச்சியம். திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன். வழியில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். அளவு கொஞ்சம் முன்னாலேயே ஏறியிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்களா? கோயில் ஐயர் விதி என்றார். தோட்டத்துக் கிளார்க், உன்னை யார் குற்றம் சொன்னது என்று தோளில் தட்டினார். நீங்கள் ஆய்வு முடியாமல் சொல்ல முடியாது என்றீர்கள். கடைக்கார நஸீம் நானாதான் எனக்குப் பிடித்ததைச் சொன்னார். ஜூலையில் சும்மா வந்து அவதிப்பட்டவர்கள்தானே, நீ கூப்பிட்டிருந்தாலும் இந்தத் தடவை ஒருவரும் அசைந்திருக்க மாட்டார்கள் என்றார்.

பத்தொன்பது நாள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இந்தத் தாளின் கடைசி வரியாக அதையே எழுதுவதாகவும் இருந்தேன்.

நேற்று, வீடு போனவர்களைத் தங்கவைத்திருக்கிற முகாமுக்குப் போனேன். பாலம்மா அக்கா வாசலில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு போஞ்சிக்கு நார் உரித்தேன். பிறகு சொன்னேன், அன்றைக்கு இருந்தது தொண்ணூற்றிரண்டு இல்லை, நூற்று அறுபத்திரண்டு என்று. ரயிலுக்காகக் குறைத்துச் சொன்னேன் என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கத்தி மட்டும் நின்றது. அப்போதும் நான் விடவில்லை. சரியாகச் சொல்லியிருந்தாலும் ஜூலை அலைச்சலுக்குப் பிறகு நீங்கள் யாரும் வந்திருக்க மாட்டீர்கள்தானே அக்கா என்று கேட்டேன்.

"வந்திருப்போம்" என்றார். "உடுப்பெல்லாம் மூட்டை கட்டி வாசல்ல வச்சிருந்துச்சு. பிள்ளைக்குக் கால்ல சப்பாத்துகூட மாட்டி உக்கார வச்சிருந்தா தர்ஷிகா. ஒன் போனுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம் தம்பி."