குழாய் பார்க்க வந்தவர்

– மெதுவாத் தட்டுங்கண்ணே, பாப்பா இப்பதான் கண்ணசந்துச்சு.

– சரிம்மா. துணியச் சுத்திக்கிட்டுத் தட்டுறேன்.

– நிவாரணக்காரங்க அனுப்புன ஆளா?

– ஆமா, தண்ணி லாரியில வர்றவன். முகாம் முகாமாப் போய்க் குழாய், தொட்டி எல்லாம் சரி பண்ணுவேன். இது எந்த வகுப்பு?

– மூணாம் வகுப்பு. போர்டுல வாய்ப்பாடுகூட அழியாம இருக்கு. ஆறு குடும்பம் பாஸாக வழியில்லாம உள்ள உட்கார்ந்திருக்கோம்.

– சிரிக்க வைக்காதீங்க... கை வழுக்கும்.

– இப்ப மட்டும் என்ன, ஒழுகுற குழாய விட்டுட்டு ஒழுகாததத் திருகிட்டிருக்கீங்க.

– அட... ஆமா. வெயில்ல வந்தேனா, கண்ணு கட்டுது.

– அதோ குடத்துல தண்ணி இருக்கு. எடுத்துக் குடிங்க.

– இருக்கட்டும்மா... பாப்பா உங்கள விட்டு நகராது போல.

– குளிக்கக்கூட விடாது. வெளிய நின்னு கதவத் தட்டி 'ம்மா, ம்மா'ன்னுட்டே இருக்கும். நான் பதில் குரல் குடுத்துக்கிட்டே குளிக்கணும்.

– அம்மான்னா... கூப்பிடுது?

– பின்ன, அண்ணின்னா கூப்பிடும்?

– இல்ல, சும்மா கேட்டேன். நல்லா சாப்பிடுதா?

– முட்டைன்னா போதும். மஞ்சக்கருவ மட்டும் தின்னுட்டு வெள்ளைய என் வாயில திணிச்சிரும்.

– அவளுக்கு வெள்ளை எப்பவும்... அது வந்து... நெறைய புள்ளைங்க அப்படித்தான்.

– ம்... உங்களுக்கு வீட்டுல யாருண்ணே?

– யாரும் இல்ல. உங்களுக்கு?

– வீட்டுக்காரர் இருந்தாரு. வீடும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே நாள்ல போச்சு... யாரும் இல்லேன்னா, எப்பவுமே இல்லையா?

– பொண்டாட்டி இருந்தா. ஊரே காலி பண்ணி ஓடுனோம்ல, அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நான் மூட்டைய மேல ஏத்திட்டிருந்தேன். அவ கீழ நின்னா... அப்பதான் குண்டு விழுந்துச்சு.

– புள்ளை?

– அந்த ஸ்பேனர இப்படித் தள்ளுங்கம்மா.

– அண்ணே, புள்ளை இருந்துச்சான்னு கேட்டேன்.

– இல்லம்மா. வேலை முடிஞ்சிருச்சு, நான் கிளம்புறேன்.

– குழாய் ஒழுகிட்டேதான இருக்கு.

– நாளைக்கு வேற ஆள அனுப்புறேன்.

– உட்காருங்க. நானும் அன்னிக்கு அதே பஸ் ஸ்டாண்டுலதான் இருந்தேன். இந்தப் பாப்பா நான் பெத்ததில்ல.

– பெத்ததில்லையா?

– புகையில ஒண்ணும் தெரியல. கீழ கெடந்த ஒரு பொண்ணு என் கால இழுத்துச்சு. குனிஞ்சா, புள்ளையத் தூக்கி என் கையில வச்சு அமுக்குச்சு. அந்தப் பொண்ணையும் தூக்கலாம்னு பார்த்தேண்ணே. முடியல. கூட்டம் என்னத் தள்ளிட்டுப் போயிருச்சு.

– அந்தப் பொண்ணு... என்ன சேலை கட்டியிருந்துச்சு?

– பச்சை. ஓரத்துல மஞ்சக் கரை.

– அது... நான் எடுத்துக் குடுத்த சேலைம்மா.

– அழுங்கண்ணே. இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

– அவ கடைசியா என்ன பண்ணான்னு யாருமே எனக்குச் சொல்லலம்மா. இப்பதான் தெரியுது.

– இப்பவாவது சொல்லுங்க. புள்ளையத் தேடித்தான வந்தீங்க?

– தேடுறதுக்குத்தான் இந்த லாரி வேலையிலயே சேர்ந்தேன். போன முகாம்ல, அப்பா அம்மாவக் காணாத புள்ளைங்க போட்டோவ ஒட்டியிருந்தாங்க. அதுல பார்த்தேன், கீழ இந்த முகாம் பேரும் போட்டிருந்துச்சு. வந்ததும் வாரி எடுத்துட்டு ஓடிரணும்னுதான் வந்தேன்...

– அப்புறம் ஏன் சொல்லாம கிளம்புனீங்க?

– உங்க மடியில அப்படித் தூங்குது. எனக்குப் படுக்க லாரி சீட்டுதான். என்னைய அடையாளம்கூடத் தெரியாது அதுக்கு. ஒரு தாய்கிட்ட இருந்து ஏற்கெனவே பிரிஞ்ச புள்ளைய மறுபடியும் பிரிக்க எனக்கு மனசு வரலம்மா.

– யாருண்ணே பிரிக்கச் சொன்னா? ரெண்டு பேருமாப் பார்த்துக்க முடியாதா? அந்த போட்டோவ எடுத்து ஊரெல்லாம் ஒட்டச் சொன்னதே நான்தான். தேடி வர்ற கண்ணுல படட்டும்னு தினமும் தலை வாரி, பொட்டு வச்சு, இந்த வராந்தாவுலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். யாராவது வரணும்னு வேண்டிப்பேன், வந்துரக் கூடாதேன்னும் வேண்டிப்பேன்... கையை நீட்டுங்கண்ணே. தலையத் தோள்ல சாய்ச்சுப் பிடிங்க, தூக்கம் கலைஞ்சிராம.