பறியைக் கடித்த வாய்

ஓடுகிறோம். பின்னால், குதிரையில் வந்த கொள்ளைக்காரர்கள் வைத்த தீயில் கூரைகள் எரிகின்றன. பட். பட். பட். ஓலை வெடிக்கும் சத்தம். ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து பீரங்கி ஒரே ஒரு முறை முழங்கியது. பிறகு கதவை அடைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் பசியாவரத்துக்குக் கதவு ஏது?

"குதிர வருது! தண்ணில எறங்கு!"

கத்தியது எங்களைப் பெற்ற நைனா. தங்கச்சி செங்கேணியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு வயிற்றில் பிள்ளை. மூவரும் ஏரிக்குள் இறங்கினோம். விடிந்தும் மூடுபனி விலகவில்லை. புகையும் சேர்ந்துகொண்டது.

கண்டல் மர வேர்களுக்கு நடுவே கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தோம். குதிரைகள் தண்ணீரை மிதித்து வருகின்றன. சளக். சளக். பிடித்தவர்களைக் கயிற்றில் கோத்துக் கொண்டுபோவார்கள். பக்கத்துக் காட்டூரில் அப்படித்தான் செய்தார்கள்.

செங்கேணிக்கு மூச்சு இரைக்கிறது. செத்துப்போவோம், செத்துப்போவோம் என்று புலம்புகிறாள். எங்களைக் காட்டிக்கொடுக்க அந்தச் சத்தமே போதும்.

இறால் பிடிக்கப் புறப்பட்ட நேரத்தில்தான் ஊரில் தீ வைத்தார்கள். அக்கா தங்கை எங்கள் இருவர் இடுப்பிலும் பறி இருந்தது. பறி என்பது ஓலைப்பை. இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். பறியின் கயிறு பல்லில் இருக்கும். வேலை முடியும்வரை மூக்கால்தான் மூச்சு.

அவள் பறியை எடுத்து வாயில் கொடுத்தேன்.

"கயித்தக் கடி. மூக்கால இழு. மெதுவா வுடு. மூச்ச மட்டும் பாரு, வேற எதையும் நெனைக்காத."

கடித்தாள். நானும் கடித்தேன். மூச்சு உள்ளே போகிறது. நெஞ்சு தண்ணீரில் எழும்புகிறது. வெளியே வருகிறது. தாழ்கிறது. பயம் போகவில்லை. ஆனால் அடுத்த மூச்சுவரை உயிரோடு இருந்தோம். அதற்கு அப்பால் நான் யோசிக்கவில்லை. என் கையில் பதிந்திருந்த அவள் நகங்கள் தளர்ந்தன.

"ஓஓய்..."

பனிக்குள் ஒரு குரல். எங்கள் ஊர்க்குரல். பிடிபட்ட ஒருவனை மிரட்டிக் கூப்பிட வைத்திருந்தார்கள். அது பிறகுதான் தெரிந்தது. மூடுபனியில் யார் கூப்பிட்டாலும் பதில் குரல் கொடுப்பது எங்கள் ஏரி வழக்கம். கொடுக்காவிட்டால் வழி தவறிய தோணி முகத்துவாரத்தில் போய்க் கவிழும். என் தொண்டையிலும் பதில் எழுந்தது. பல்லில் கயிறு. செங்கேணி பல்லிலும் கயிறு.

நைனாவிடம் பறி இல்லை. ஆண்கள் வலை வீசுகிறவர்கள்.

"ஓஓய், இங்க இருக்கேன்."

சொன்னதுமே குதிரைச் சத்தம் எங்கள் பக்கம் திரும்பியது. அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களைப் பார்த்தார். எழுந்தார். தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டே எங்களைவிட்டு விலகி நடந்தார். குதிரைகள் அந்தப் பக்கம் திரும்பின. செங்கேணி எழப் பார்த்தாள். தோளை அழுத்திப் பிடித்தேன். மூச்சு உள்ளே. மூச்சு வெளியே. அந்த மூச்சை இன்றுவரை வெறுக்கிறேன்.

எரிந்த குடிசைகள் பதினான்கு. உடைந்த தோணிகள் ஐந்து. கயிற்றில் போனவர்கள் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் எங்கள் நைனா. ஒருவரும் திரும்பவில்லை. செங்கேணியின் பிள்ளை பிழைத்தது.

இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பனியில் யார் கூப்பிட்டாலும் எங்கள் ஏரியில் பதில் வருவதில்லை.