மூச்சு விட்ட டேங்க்

கரண்ட் வருகிறவரைக்கும் சொல்கிறேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மணி பன்னிரண்டு, உச்சிவெயில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ரோட்டில் ஒரு காக்காய் இல்லை, ஒரு லாரி இல்லை. பைக்கில் பீட்டர் மட்டும் போகிறான். நம் ஸ்டீபனின் அக்கா ஜெபா இருக்கிறாளே... அவள் புருஷன். வெல்டர்.

அவன் செய்த ஆளுயர இரும்பு டேங்க் இரண்டு ஒழுகிவிட்டன. மூன்றாவதும் ஒழுகினால் கேட்டுக்குள் வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒரு வருஷம் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தவன். ஜெபா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் கஞ்சி ஊற்றினாள். அந்த நாள் திரும்பி வந்துவிடுமோ என்று நினைத்தாலே அவனுக்குக் கை நடுங்கும். நடுங்குகிற கையால் வெல்டு வைத்தால் எப்படி உருப்படும், சொல்லுங்கள்!

சாயங்காலம் அந்த மூன்றாவது டேங்கைச் சோதிக்க ஆள் வருகிறார். அதற்குள் தானே ஒரு தடவை பார்த்துவிட நினைத்தான். லீவு விட்டிருந்த கம்பெனிக்குள் போய், கம்ப்ரஸரால் டேங்குக்குள் காற்றை அடைத்தான். வெல்டு வைத்த இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினான். ஓட்டை இருந்தால் அங்கே குமிழி கிளம்பும்.

கிளம்பியது. கோலிக்குண்டு அளவு. பீட்டர் தலையில் கை வைத்துக்கொண்டான்... அப்புறம்தான் கவனித்தான். குமிழி வெடிக்கவில்லை. மெல்ல உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது. மறுபடி உள்ளே.

அடைத்த காற்று வெளியேதான் வரும். உள்ளே எப்படி இழுக்கும்?

கம்ப்ரஸரை நிறுத்தினான். காற்றையெல்லாம் புஸ்ஸென்று திறந்துவிட்டான். குமிழி நிற்கவில்லை. காதை வைத்தான். ஹ்ம்ம்ம்... ஹாஹ்... ஆள் தூங்குகிற சத்தம். கன்னத்தில் சூடாகக் காற்று பட்டது. புகையிலை போட்ட வாய் நாற்றம்.

அவன் போட்ட கத்தலில் வாட்ச்மேன் ராஜமாணிக்கம் ஓடி வந்தார்.

"அண்ணே, உள்ள யார்னா கீறாங்களா?"

"இன்னாடா உளறிக்கினு கீற? நேத்து டார்ச் அடிச்சிப் பாத்துட்டு நான்தானே மூடுனேன்!"

இரண்டு பேருமாக மேல்மூடியைக் கழற்றினார்கள். காலி. வெறும் இரும்பு. அந்தப் புகையிலை நாற்றம் மட்டும் குப்பென்று முகத்தில் அடித்தது. ராஜமாணிக்கம் நேராகப் போய் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார்.

பீட்டரும் போயிருக்கலாம். பரத், சிரிக்காதே, நீயாக இருந்தால் ஓடியிருப்பாய்... உனக்கு வேலை இருக்கிறது. அவன் ஓடினால் வேலை போய்விடும். மூடியைப் போட்டான். ஓட்டையைத் தேய்த்து மறுபடி வெல்டு வைத்தான். ஒரு சாண் தள்ளி இன்னொரு குமிழி. அதை அடைத்தால் அந்தப் பக்கம் வேறொன்று. வெல்டிங் ராடு தீர்ந்தது. வெயில் சாய்ந்தது. கேட்டில் கார் வந்து நிற்கிற சத்தம்.

பீட்டர் டேங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

"நீ யாரா வேணா இரு, நைனா. இத்த உட்டா எனக்கு வேற வேலை இல்ல. கொஞ்சம் மூச்ச அடக்கிக்கினு இரு. பதிலுக்கு இன்னா வேணும்னாலும் எடுத்துக்கோ..."

ஹ்ம்ம்ம்... மூச்சு உள்ளே போனது.

திரும்ப வரவில்லை.

சோதிக்க வந்தவர் காற்றடைத்து, அங்குலம் அங்குலமாகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. பீட்டரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். வேலை நிலைத்தது. இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறான். சாப்பிடுகிறான், சிரிக்கிறான், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறான்.

ஜெபாதான் போன வாரம் ஸ்டீபனுக்கு ஃபோன் போட்டு அழுதிருக்கிறாள். பீட்டர் தூங்கும்போது மார்பு ஏறுகிறதாம், இறங்குகிறதாம்... மூக்கருகே கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். அப்புறம் வாயருகே.

காற்றே வரவில்லை.