ஊசியைத் தூக்கியவன் பேசுகிறேன்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், நம் ஊர் நூலகமான வாயனசாலையின் தலைவர், முன்னாள் தலைமையாசிரியை சரஸ்வதியம்மாள் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்களே, பள்ளிவாசல் பெரியவர்களே! வடகரப்பதியிலிருந்தும் பெருமாட்டியிலிருந்தும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து கூடியிருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே! கணவரை இழந்து இத்தா இருப்பதால் வெளியே வர முடியாமல், அடுத்த தெருவில் தம் வீட்டுக்குள் இருந்தபடியே இந்த ஒலிபெருக்கிக் குழாய் வழியாக நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும், மறைந்த ஜப்பார் ராவுத்தரின் மனைவி ரஹீமா அம்மாள் அவர்களே! எல்லோருக்கும் பஜனைக் குழு ஆறுமுகசாமியின் வணக்கம்.

"இவன் எதுக்கு மேடையேறினான்?" என்று பின்வரிசையில் இரண்டு பேர் பேசிக்கொள்வது என் காதில் விழுகிறது. விழட்டும். கேட்க வேண்டிய கேள்விதான். ஜப்பார் ராவுத்தர் இந்த வாயனசாலையில் நடத்திவந்த ஞாயிறு பாட்டு நேரத்தை நிறுத்தச் சொல்லி நாற்பத்து மூன்று கையெழுத்தோடு நிவேதனம் கொடுத்தவன் நான். அந்த மனு நாளை மறுநாள் கமிட்டியில் வருகிறது. ஆள் போய்ப் பதினெட்டு நாள்தான் ஆகிறது, மனு எழுதின கையாலேயே கும்பிட்டுக்கொண்டு வந்து நிற்கிறானே என்று உங்களுக்குத் தோன்றினால் நான் கோபப்பட மாட்டேன். வழக்கமாகப் படுவேன். இன்றைக்குப் பட மாட்டேன்.

யார் இந்த ஜப்பார்? இருபத்திரண்டு வருஷமாக இந்த வட்டாரத்தில் ஒரு கல்யாணம் அவர் மைக் செட் இல்லாமல் நடந்ததா? ஒரு மாரியம்மன் நோம்பி நடந்ததா? ஒரு தேர்தல் நடந்ததா? மூன்று கட்சிக்கும் அவரே குழாய் கட்டினார், மூன்று கட்சியும் அவரை நம்பியது! வேறு யாரை அப்படிச் சொல்ல முடியும்?

குழாய் கட்டுமுன் அவர் செய்கிற ஒரு வேலை உண்டு. தெருவை ஒரு சுற்று நடந்து வருவார். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், எந்த வீட்டில் பெரியவர் படுத்த படுக்கை என்று கேட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். அந்த வீட்டுப் பக்கம் குழாயின் வாயைத் திருப்பவே மாட்டார். அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவராகச் செய்தார்.

எங்கள் பஜனைக்கும் அவர்தான். நான் பாடும்போது மைக்கை வாயோடு ஒட்டிக்கொள்வேன். ஒரு மார்கழியில் எல்லோர் முன்பாகவும் சொன்னார்: "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மைக்கு உங்க பாட்டக் கேக்கத்தான் வந்துருக்குது. உங்க வாய்க்குள்ள போறதுக்கு வரலீங்க." ஊரே சிரித்தது. நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் தள்ளி நின்றேன். பாட்டு நன்றாகத்தான் கேட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தம் ரெக்கார்டு பிளேயரை இந்த வாயனசாலைக்கே கொடுத்து ஞாயிறு பாட்டு நேரத்தைத் தொடங்கினார். மாலை நாலு மணி முதல் ஐந்தரை வரை. ஆணோ பெண்ணோ, யார் வேண்டுமானாலும் ஒரு ரெக்கார்டு கேட்கலாம். கேட்டால் அந்தப் பக்கம் முழுவதும் ஓடும். பிடிக்காதவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று: "புடிக்கலைன்னா வெளிய போயி டீ குடிச்சுட்டு வாங்க. பாட்டு முடியட்டும்." ஊசியில் அவரைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. இருந்த சட்டம் அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குமுளிப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். அங்கே கிடைத்த ரெக்கார்டுப் பெட்டி ஒன்றை, கம்பம், தேனி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார் ராவுத்தர். அதற்குள் இருந்தது அந்தக் கறுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு. அட்டையில் நாலு பேர், தோளுக்குக் கீழே முடி, நாம் அவர்கள் வேலியை வெட்டிவிட்டது போல ஒரு முறைப்பு! நம் பக்கத்துச் சித்தூர் கல்லூரி வாத்தியார் ஒருவர் பார்த்துவிட்டு, இதற்கு ஹெவி மெட்டல் என்று பெயர், சீமையில் இதைக் கேட்க ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள் என்றார். கூடட்டும்! எனக்கென்ன? தகரக் கொட்டகையின்மேல் ஆலங்கட்டி மழை பெய்தது போல இருந்தது எனக்கு. முதல் தடவை ஓடியபோது பாதிப் பேர் டீக்கடையில் இருந்தோம்.

ஆனால் ஒருவர் உள்ளே வந்தார். அரிசி மில்லில் வேலை முடிந்து, தலையிலும் தோளிலும் தவிட்டோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்த மருதாத்தாள் அம்மாள், வாசற்படியில் நின்றார். பிறகு உள்ளே வந்து தூணோரம் நின்றார். முடிந்ததும், "இன்னொருக்கா போடுங்க" என்றார். அன்று முதல், மாதத்தில் முதல் ஞாயிறு அவர் முறை. அவர் கேட்பது அந்தக் கறுப்பு அட்டைதான்.

ஊர் இரண்டானது. ஒருவருக்குத் தலைவலி. ஒருவருக்கு அது இங்கிலீஷ். ஒருவருக்கு, பிள்ளைகள் முடி வளர்த்துவிடுவார்கள் என்ற பயம். தேங்காய் வியாபாரி அப்புசாமி தம் எருமை கறவையைக் குறைத்துக்கொண்டது என்றார். அந்த எருமை கட்டியிருக்கும் சாளை இங்கிருந்து ஒன்றரை மைல்! அப்புசாமி, சிரிக்காதே, நீ சொன்னதுதான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். போன சித்திரையில் முதல் ஞாயிறு. அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் நேராக உள்ளே போனேன். ஊசியைப் பிடித்துத் தூக்கினேன். ரெக்கார்டின் குறுக்கே அது கிழித்துக்கொண்டு போன சத்தம், அந்தப் பாட்டைவிடக் கொடுமையாக இருந்தது. திரும்பி மருதாத்தாள் அம்மாளிடம், "அப்புடி என்னம்மா இருக்குது இதுல?" என்று கத்தினேன்.

அவர் பயப்படவில்லை. சொன்னார்: "மில்லுச் சத்தம் ஆரு பேச்சையுங் கேக்காதுங்க. பதினஞ்சு வருசமா அதுக்குள்ள நிக்கறேன். இதுல அத்தன சத்தமும் நாலு பேரு சொன்னபடி கேக்குது பாருங்க. நில்லுன்னா நிக்குது, ஓடுன்னா ஓடுது. அதக் கேக்கறப்ப எனக்கு நெஞ்சு நெறஞ்சு போகுதுங்க."

நான் என்ன செய்தேன்? சிரித்தேன்.

ராவுத்தர் குரலை உயர்த்தவில்லை. மூடியைச் சாத்தினார். "இன்னிக்கு இத்தோட போதுமுங்க. அடுத்த வாரம் உட்ட எடத்துல இருந்து போடறேன்" என்றார். போட்டார். கீறல் விழுந்த இடத்தில் ரெக்கார்டு துள்ளித் துள்ளி அதே இடத்தில் நின்றது. மெல்ல ஊசியை நகர்த்திவிட்டு, கடைசி வரைக்கும் ஓடவிட்டார்.

நான் வீட்டுக்குப் போய் நிவேதனம் எழுதினேன். "ஜப்பார் தம் சொந்த ரசனையை ஊரின்மேல் திணிக்கிறார், மில்லில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்காக ஊர் முழுவதும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது." இவை என் வாசகங்கள். நாற்பது கையெழுத்து வாங்கி அவர் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். "ரண்டு பேரோட பேரு தெளிவா இல்லீங்க, திருப்பி எழுதச் சொல்லுங்க" என்றார். மறுநாள் ஜீப்பில் குழாயைக் கட்டி, மூன்று தெருவிலும் அவரே அறிவித்தார். "ஞாயிறு பாட்டு நேரத்த நிறுத்தோணும்னு ஆறுமுகசாமி அண்ணன் நிவேதனம் குடுத்துருக்கறாங்க. சேர நெனைக்கறவங்க வாயனசாலைக்கு வந்து கையெழுத்துப் போடலாமுங்க!"

நான் ஓடிப்போய் ஜீப்பை மறித்தேன். "ஏனுங்க ராவுத்தரே, உங்களுக்கு எதிரா எழுதினத நீங்களே கூவறீங்களா?" என்றேன். அவர், "இப்ப உங்க முறைங்க அண்ணா. மைக்கு நான் பேசறதுக்கு மட்டுமா வாங்கி வெச்சுருக்கறேன்?" என்றார். அவர் கூவியதைக் கேட்டு மூன்று பேர் புதிதாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். நாற்பது, நாற்பத்து மூன்றானது அப்படித்தான்.

எதிராளியின் மனுவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த மனிதரை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டேன்.

பதினெட்டு நாளுக்கு முன்னால் காலையில் அவருக்கு நெஞ்சு வலி. கோவைக்குக் கொண்டு போனார்கள். வேலந்தாவளம் தாண்டுமுன்பே உயிர் போய்விட்டது. ஐம்பத்து நாலு வயசு.

துக்கம் கேட்க நானும் என் மனைவி முத்தாத்தாளும் போனோம். ரஹீமா அம்மாள் கதவுக்குப் பின்னால் இருந்து பேசினார். அவர் அனுமதி வாங்கித்தான் இதை இங்கே சொல்கிறேன். "அவுருக்கு அந்தக் கறுப்பு அட்டைப் பாட்டே ஆகாதுங்கண்ணா" என்றார். "அது போட்ட ஞாயித்துக்கெழமையெல்லாம் ஊட்டுக்கு வந்ததும் நெத்தியில ஈரத்துணியப் போட்டுட்டுப் படுத்துக்குவாரு. பின்ன ஏனுங்க போடறீங்கன்னு கேட்டா, ‘அந்தம்மா கேக்குது’ம்பாரு. வேற ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு."

சொந்த ரசனையாம்! திணித்தாராம்! நான் எழுதினேன், நாற்பத்திரண்டு பேர் ஆமாம் என்றீர்கள். எனக்குப் பிடிக்காத அதே பாட்டு அவருக்கும் பிடிக்கவில்லை. என் காதும் அவர் காதும் ஒன்றுதான். நான் ஊசியைத் தூக்கினேன். அவர் ஈரத்துணியோடு படுத்தார். அன்றிரவு அழுதேன். ஊரில் யாரும் பார்த்ததில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒருவருக்குத் தேனாக இருப்பது இன்னொருவருக்கு ஏன் இரைச்சலாகிறது? பதினெட்டு நாளாக வேறு யோசனை இல்லை எனக்கு. கோயில் மதிலை ஒட்டி வாடகைக்கு இருந்த பஸ் கண்டக்டர் ஞாபகம் இருக்கிறதா? மார்கழி பஜனையை "காலங்காத்தால என்ன கூச்சல்" என்று போலீசுக்கு எழுதப் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் அப்பாவின் மடியில் இருந்து கேட்ட பாட்டு, கூச்சலா? அவருக்குக் கூச்சல்தான். அவர் அந்த மடியில் உட்காரவில்லை. மருதாத்தாள் அம்மாளின் காது பதினைந்து வருஷம் மில்லுக்குள் நின்றது. என் காது அங்கே ஒரு நாள் நின்றதில்லை. காது எங்கே வளர்ந்ததோ அங்கேதான் அதற்கு ருசி பிறக்கிறது. இதில் யார் உசத்தி, யார் மட்டம்?

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நான் நல்லவன் ஆகிவிடலாம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டவர் மில் முதலாளியாக இருந்திருந்தால் நான் ஊசியில் கை வைத்திருப்பேனா? மாட்டேன்! "புது மாதிரியா இருக்குது" என்று தலையை ஆட்டியிருப்பேன். என் காது மட்டும் கோபப்படவில்லை. தவிட்டுத் தலையோடு ஒரு பெண் உள்ளே வந்து, எனக்குச் சமமாக நின்று, இதைப் போடு என்று சொன்னதுதான் என்னைக் குத்தியது. ரசனை என்று பேர் வைத்தேன், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவர்கள் தங்களையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

மருதாத்தாள் அம்மா! மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள், பார்க்கிறேன். அந்தக் கீறல் என் கை போட்டது. மனுவில் உங்கள் பேரைக்கூட எழுதாமல் "ஒரு பெண்" என்று எழுதினேன். கத்தினது ஊரறிய, ஆகவே மன்னிப்பும் ஊரறியவே கேட்கிறேன். நீங்கள் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பெரியோர்களே! நேற்று நண்பர்கள் சிலர் வந்து, "மனுவக் கிழிச்சுப் போடுங்க, இரங்கல் கூட்டத்துல எடுபடும்" என்றார்கள். கிழிக்க மாட்டேன். அதில் என் பேர் மட்டும் இல்லை, இன்னும் நாற்பத்திரண்டு பேரின் பேச்சு இருக்கிறது. அதை நடுவில் நிறுத்த எனக்கு என்ன உரிமை? ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாயிற்று, போதும். நாளை மறுநாள் கமிட்டியில் அந்த நிவேதனத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை இந்த மைக்கில் நானே வாசிப்பேன். தெளிவாக வாசிப்பேன், ஒரு சொல்லையும் விழுங்க மாட்டேன். வாசித்து முடித்த கையோடு அதை எதிர்த்து முதலில் பேசப்போகிறவனும் நானே. ஓட்டெடுப்பில் என் கை, என் மனுவுக்கு எதிராக உயரும்.

தோற்கலாம். நாற்பத்து மூன்று லேசான எண்ணிக்கை அல்ல, அதில் நாற்பது நானே வீடு வீடாக ஏறிச் சேர்த்தது. தோற்றால் வாயனசாலைக் கதவு அந்த நேரத்துக்குச் சாத்தப்படும். சாத்தட்டும்! என் வீட்டு நெற்களத்தை யாரும் சாத்த முடியாது. ரெக்கார்டு பிளேயரையும் பெட்டியையும் அங்கே கொண்டுபோக ரஹீமா அம்மாள் சம்மதம் கொடுத்துவிட்டார். ஜப்பார் ராவுத்தர் தொடங்கியது இனி ஒரு ஞாயிறுகூட நிற்காது. அவர் ஆத்மா அமைதி பெற வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. செய்வதைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

வருகிற ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு. நாலு மணி. முறை மருதாத்தாள் அம்மாளுடையது. ரெக்கார்டை நான் போடுவேன், பக்கம் முழுவதும் ஓடும். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது, இனிமேலும் பிடிக்கப்போவதில்லை. நான் எழுந்து போக மாட்டேன்.