சேலைக் கிளிக்கு ஒரு கண்ணாடி

"இந்தக் கிளி அந்தப் பக்கம் திரும்பினாத்தான்டீ நம்ம கணக்கு சரியா வரும்."

சின்னாளபட்டியில் இருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த உயரமான பெண் தன் தோழியிடம் இப்படிச் சொன்னாள். இருவருக்கும் உங்கள் வயதுதான் இருக்கும், பள்ளிச் சீருடை. மடியில் ஒரு கிளிக் கரைச் சேலையை விரித்திருந்தார்கள். பக்கத்தில் கணக்குக் கண்காட்சிக்கு எழுதிய அட்டை இருந்தது. 'சேலையில் கண்ணாடிச் சமச்சீர்' என்பது அதன் தலைப்பு; அதாவது, ஒரு கிளி பக்கத்துக் கிளியின் கண்ணாடிப் பிம்பம்போல எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

"நேத்து ரெண்டு கிளியும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துச்சே," என்றாள் தோழி.

"நேத்து மடிச்சு வச்சுல்ல பாத்தோம். மேல நேர்ப்பக்கம், கீழ உள்பக்கம். அதான் எதிரெதிரா தெரிஞ்சிருக்கு. இப்ப பாரு, அம்புட்டும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு வரிசையாப் போகுது."

"விடுடீ, யாரு கவனிக்கப் போறா?"

"வர்ற பிள்ளைக கையில கண்ணாடியக் குடுத்து, கிளி பக்கத்துல நிறுத்திப் பாருன்னு நாமதான சொல்லப் போறோம்? கணக்குன்னாலே ஓடுற பிள்ளைக. நாமளும் தப்பாச் சொன்னா இன்னும் ஓடுங்க."

தோழி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டே வந்துருச்சு. வேற சேலைக்கு எங்க போறது?"

உயரமானவள் நகத்தைக் கடித்தாள். பிறகு ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பை அடித்துவிட்டு, குலுங்குகிற பஸ்ஸிலேயே கோணலாக எழுதினாள்: 'கண்ணாடியில் தெரியும் கிளி, சேலையில் இருக்கிறதா? கண்டுபிடி.'

"சார் வந்து இது என்னன்னு கேட்டா?"

"சார் கையிலயும் ஒரு கண்ணாடியக் குடு."